தோட்டத்து மின்னிதழுக்கு எந்த மென்பொருள், எந்தக் கோப்பு வடிவம்?

நீங்கள் கேட்டது சுருக்கமான கேள்விதான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஐந்து பேர் சேர்ந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மின்னிதழ் கொண்டுவரப் போகிறீர்கள். தோட்டத்து நினைவுகள், கவிதைகள், பிள்ளைகளுக்கு நாலு பக்கம், எல்லாம் சேர்த்து நாற்பது பக்கம். கையில் காசு இல்லை, ஒரு மடிக்கணினி இருக்கிறது. எந்த மென்பொருள் நல்லது, பிடிஎஃப் போதுமா, இபப் (EPUB என்ற மின்னூல் வடிவம்) வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: படிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள், கைப்பேசியில்தான் படிப்பார்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயம் இடிந்துவிட்டது, இனி இந்த இதழ்தான் மிஞ்சும் என்று. உங்கள் கேள்வி முழுக்க அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வயதானவர் சின்னத் திரையில் சிரமப்படாமல் படிக்க வேண்டும். இன்னும் முப்பது வருஷம் கழித்து ஒரு பேரப்பிள்ளை அந்தக் கோப்பைத் திறந்தால் எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும். இந்த இரண்டையும் முடிவு செய்துவிட்டால் மென்பொருளின் பெயர் தானாக வந்து நிற்கும்.

ஈப்போவில் ஒரு சிறிய அச்சகத்தில் பத்தொன்பது வருஷம் பக்கம் கட்டும் வேலை பார்த்தவன் நான். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், கவிதைத் தொகுப்பு என்று தமிழ் எழுத்தோடுதான் பிழைப்பு. இப்போது சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே கேட்பவர்களுக்குச் செய்து கொடுக்கிறேன். விண்டோஸ் கணினியும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும்தான் நான் புழங்கியவை. ஆப்பிள் கணினியில் நான் ஒரு இதழும் கட்டியதில்லை. அதனால் நான் சொல்வதை அதற்கும் பொருத்திக்கொள்ள வேண்டாம்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2003-இல் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு 96 பக்கத்தில் ஆண்டு மலர் செய்தோம். அன்றைக்கு எல்லாரும் செய்ததுபோல பக்கம் கட்ட பேஜ்மேக்கர் மென்பொருள், அதற்கு ஒரு பழைய எழுத்துரு. அதில் ஆறு முதியவர்கள் பேசியதை அப்படியே எழுத்தாக்கிப் போட்டிருந்தோம். ஒரு பாட்டி, விடியும் முன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓடியது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டியது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தது என்று ஐந்து பக்கம் பேசியிருந்தார். பதினைந்து வருஷம் கழித்து அந்த மலரை மறுபடி போடலாம் என்று கேட்டு வந்தார்கள். குறுந்தட்டு நன்றாக இருந்தது, கோப்பும் திறந்தது. திரையில் இருந்ததோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த குப்பை. அந்த எழுத்துரு எங்களிடமே இல்லை. அது எந்தப் பொது முறையையும் பின்பற்றாத எழுத்துரு என்பதால் எந்த எழுத்துரு மாற்றி மென்பொருளும் அதற்குப் பொருந்தவில்லை. கடைசியில் ஒரு வீட்டில் கிடைத்த அச்சுப் பிரதியை வைத்து மறுபடி தட்டச்சு செய்தோம். அதில் கரையான் அரித்த இரண்டு தாள் அந்தப் பாட்டி பேசிய பக்கங்கள். அவர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார். பக்கத்தை அன்று கட்டியவன் நான்தான். பேச்சை மட்டும் தனியாக ஒரு கோப்பில் போட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை.

அதிலிருந்து நான் விடாமல் பிடித்திருக்கும் வழக்கம் ஒன்றுதான்: எழுத்து வேறு, பக்கம் வேறு. ஒவ்வொரு கட்டுரையும் அலங்காரம் எதுவும் இல்லாமல் ஒருங்குறியில் (யூனிகோடில்) தனிக் கோப்பாக இருக்க வேண்டும். அதுதான் மூலம். பக்கம் கட்டிய கோப்பு, பிடிஎஃப், இபப் எல்லாம் அதிலிருந்து பிறப்பவை. தொலைந்தால் மறுபடி செய்துகொள்ளலாம். இதைக் கெடுப்பது கடைசி நேரத் திருத்தம். இரவு பதினொரு மணிக்குப் பிழை கண்ணில் படும், பக்கத்திலேயே திருத்திவிட்டுப் படுத்துவிடுவோம். மூலத்தில் பிழை அப்படியே நிற்கும். அதனால் ஐந்து பேரில் ஒருவர், திருத்தங்களை மூலத்துக்குக் கொண்டுபோகும் வேலையை மட்டும் பொறுப்பாக எடுத்துக்கொள்ளட்டும்.

ஒருங்குறி என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் இன்னும் பழைய எழுத்துருவில் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில விசைகளான ஜே, கே, பி, ஓ, அப்புறம் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு போனால் சொல்லும் போயிற்று. ஒருங்குறியில் த என்பதற்கு உலகம் முழுக்க ஒரே எண். எந்த எழுத்துரு போட்டாலும் அது த-வாகவே நிற்கும். தமிழ் நூல்களை இலவச மின்னூல்களாக்கும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் முதலில் பழைய குறியாக்கங்களில் நூல்களை வெளியிட்டு, பிறகுதான் ஒருங்குறிக்கு வந்தது. மாற்ற முடிந்ததற்குக் காரணம், அவர்களிடம் எழுத்து எழுத்தாகவும் குறியாக்கம் சீராகவும் இருந்ததுதான். உங்களுக்குப் பாமினி போன்ற பரவலான எழுத்துருவில் கட்டுரை வந்தால் என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் போட்டு எடுங்கள். அச்சில் மட்டும் இருக்கும் பழைய மலர்கள் என்றால் தெளிவாகப் படம் எடுத்து கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் அது எழுத்தைப் படித்துத் தரும். இரண்டு வழியிலும் வந்ததை மூலத்தோடு ஒப்பிட்டு வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும்.

தட்டச்சுக்குக் கணினியில் முரசு அஞ்சல், கைப்பேசியில் செல்லினம் இரண்டும் போதும்; இரண்டையும் உருவாக்கியவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். தமிழ்99 விசைமுறையோ, உச்சரிப்பு முறையோ, எது கைக்கு வருகிறதோ அதில் அடிக்கட்டும். வெளியே வருவது ஒருங்குறி என்பதால் கலந்தாலும் கெடாது. ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய கை பழக்கத்தில் சிலர் துணைக்காலுக்குப் பதில் ர அடித்துவிடுவார்கள். ‘தோட்டம்’ என்பது ‘தேரட்டம்’ ஆகிவிடும். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, தேடினால் அகப்படாது. கட்டுரை வந்தவுடன் ‘தேர’, ‘கேர’, ‘பேர’ என்று தேடிப் பாருங்கள். ‘பேரன்’ போன்ற சரியான சொற்களும் வரும், தவறானவையும் மாட்டும்.

சரி, மென்பொருளுக்கு வருகிறேன். ஐந்து பேர் எழுதவும் திருத்தவும் கூகுள் டாக்ஸ். பக்கம் கட்ட லிப்ரே ஆபிஸ் ரைட்டர். உங்கள் நிலைமைக்கு இதற்கு மேல் வேண்டாம் என்பதுதான் என் தீர்ப்பு. லிப்ரே ஆபிஸ் இலவசம், தமிழை ஒழுங்காகக் காட்டுகிறது, பிடிஎஃப் தருகிறது, 2018-இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து இபப்பும் தருகிறது. அது சேமிக்கும் ஓடிடி (.odt) கோப்பு வடிவம் 2006 முதல் பன்னாட்டுத் தரம் என்பதால் நாளைக்கு வேறு மென்பொருளிலும் திறக்கும். மைக்ரோசாஃப்ட் வேர்டு ஏற்கெனவே மடிக்கணினியில் இருந்து உங்களுக்குப் பழகியிருந்தால் அதுவும் தவறில்லை. லிப்ரே ஆபிஸில் எல்லாரும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எழுத்து அளவை 14 என்று மாற்றுவீர்கள், தமிழ் அசையாது. லிப்ரே ஆபிஸுக்குத் தமிழ் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற வகையில் சேரும். அந்த வகைக்கு எழுத்துருவும் அளவும் தனி. விருப்பங்களில் மொழிப் பகுதிக்குப் போய் அந்தப் பெட்டியைத் தேர்வு செய்துவிட்டு, பத்திப் பாணியில் அதற்கான எழுத்துருவையும் அளவையும் வையுங்கள். பாணி என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தலைப்பைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்கித் தடிமனாக்குவதற்குப் பதில் ‘தலைப்பு 1’ பாணி கொடுத்தால், பொருளடக்கம் தானே வரும், இபப்பில் அத்தியாயம் தானே பிரியும், தலைப்புகள் அத்தனையையும் ஒரே இடத்தில் மாற்றலாம். எஃப்11 அழுத்தினால் பாணிப் பட்டியல் திறக்கும்.

இன்டிசைன் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது பக்கம் கட்டும் தொழில்முறைக் கருவி, நானே பல வருஷம் அதில் வேலை செய்தேன். பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு ரெடி கம்போசர்’ தேர்வு செய்யாவிட்டால் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறி நிற்கும். தேர்வு செய்தால் தமிழ் அழகாக வரும். ஆனால் சந்தா கட்டுவதை நிறுத்திய நாளில் உங்கள் பழைய இதழ்களின் மூலக் கோப்பை உங்களாலேயே திறக்க முடியாது. காசில்லாத குழுவுக்கு அது ஆகாது. அதேபோல் பக்கம் கட்டும் இலவச மென்பொருளான ஸ்கிரைபஸில் தமிழ் வராது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது 1.4 வரிசைக்கு. 2024 ஜனவரியில் வந்த 1.6-இல் தமிழ் சரியாக வருகிறது. அச்சுத் தரத்தில் செய்ய ஆசை வந்தால் அப்போது கற்றுக்கொள்ளுங்கள். முதல் இதழோடு அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். இணையத்தில் படம் வடிவமைக்கும் கேன்வாவை அட்டைக்கும், ‘இதழ் வந்துவிட்டது’ என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) போடும் படத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பக்கத்தையும் அதில் கட்டினால் எழுத்து நூறு பெட்டிகளில் சிதறிக் கிடக்கும். வெளியே எடுப்பது பெரும்பாடு.

இனி வயதானவர்களின் கண். நான் சொல்வதில் உங்கள் இதழுக்கு உடனே பயன்படப்போவது இந்தப் பத்திதான். பெரும்பாலோர் ஏ4 தாளில் இரண்டு நெடும்பத்தியாகக் கட்டிப் புலனத்தில் அனுப்பிவிடுவார்கள். ஏ4-இன் அகலம் 21 செ.மீ.; கைப்பேசித் திரையின் அகலம் ஏறக்குறைய 7 செ.மீ. பக்கம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்போது 12 புள்ளி எழுத்து 4 புள்ளி ஆகிவிடும். மருந்துச் சீட்டில் இருக்கும் பொடி எழுத்தைவிடச் சின்னது. ஏ5 என்றாலும் 12 புள்ளி ஆறுக்குக் கீழே போகும். பக்கத்தையே 9 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் என்று வைத்து ஒரே நெடும்பத்தியாக 14 புள்ளியில் கட்டினால், திரையில் 11 புள்ளிக்குக் கிட்ட நிற்கும். கட்டற்ற தமிழ் மின்னூல்களை வெளியிடும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழுவினர் ஏ4 பிடிஎஃப்போடு ஆறு அங்குலத் திரைக்கென்று தனியாக ஒரு பிடிஎஃப் தருவதும் இதற்காகத்தான்.

என் அத்தைக்கு எழுபத்தொரு வயது. இரண்டையும் அவர் கையில் கொடுத்துப் பார்த்தேன். ஏ4 பக்கத்தை இரண்டு விரலால் விரித்தார், வரியின் கடைசிச் சொல் திரைக்கு வெளியே போனது, இழுத்தார், அடுத்த வரியின் தொடக்கம் தொலைந்தது. மூன்றாவது வரியில் “கண்ணு வலிக்குதுப்பா, நீயே படி” என்று நீட்டிவிட்டார். சின்னப் பக்கத்தைக் கொடுத்தபோது கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பதினோரு பக்கம் படித்தார், அடுப்பில் பால் பொங்கும் வரை. ஒருவரை வைத்து எல்லாருக்கும் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் அதற்கப்புறம் நான் செய்த எந்த மின்னிதழையும் ஏ4-இல் கட்டவில்லை. இன்னொன்று, இவ்வளவு குறுகிய பக்கத்தில் இருபுறமும் சமமாக நிரப்பாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு வரியில் மூன்று சொல் விழுந்தால் நடுவே குளம்போல இடைவெளி நிற்கும். இடது ஓரம் மட்டும் நேராக இருக்கட்டும், வரி இடைவெளி ஒன்றரை. எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் மூன்றில் ஒன்று. மூன்றும் திறந்த உரிமம் உள்ளவை. கோப்பில் பதித்துப் பரப்பலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது.

பிடிஎஃப் எடுக்கும்போது அச்சிடு என்பதன் வழியாக எடுக்காமல் ஏற்றுமதி வழியாக எடுங்கள். அங்கே பிடிஎஃப்/ஏ என்று ஒரு தேர்வு இருக்கும். நீண்ட காலம் காப்பதற்கென்று 2005-இல் தரப்படுத்தப்பட்ட வகை அது; எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்கக் கட்டாயப்படுத்துகிறது. அதோடு நம்பி விட்டுவிடாமல் ஒரு சோதனை செய்யுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து ‘தோட்டம்’ என்று தேடுங்கள். தோ என்ற எழுத்து கோப்பில் த முதலிலும் ஓகாரக் குறி பிறகுமாக இருக்கும். திரையில் வரையும்போது இரட்டைக்கொம்பு, த, துணைக்கால் என்ற வரிசையில் விழும். சில மென்பொருள்கள் வரைந்த வரிசையையே பிடிஎஃப்பில் எழுதிவிடும். கண்ணுக்குச் சரியாக இருக்கும், தேடினால் கிடைக்காது, படியெடுத்துப் புலனத்தில் ஒட்டினால் கொம்பு தனியே நிற்கும். தேடல் தோற்றால் வேறு எழுத்துருவிலோ வேறு வழியிலோ எடுத்துப் பாருங்கள். சரியாக வருவதை இதழுக்கு நிரந்தரமாக்கிவிடுங்கள்.

இபப் வேண்டுமா என்றால், வேண்டும், ஆனால் இரண்டாவதாக. இபப்பில் பக்கம் என்று ஒன்று கிடையாது, எழுத்து திரைக்கேற்ப ஓடி நிற்கும். பார்வை மங்கியவர் எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம். வடிவத்தின் தகுதியை மட்டும் பார்த்தால் உங்கள் வாசகருக்கு அதுதான் பொருத்தம். ஐபோனில் தட்டினால் உடனே திறக்கும். ஆண்ட்ராய்டில் கூகுள் பிளே புக்ஸ் போன்ற ஒரு செயலியில் ஏற்ற வேண்டும். அந்த ஒரு படியில்தான் நம் பெரியவர்கள் நின்றுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, பேரப்பிள்ளைகள் ஒருமுறை அமைத்துக் கொடுத்த வீடுகளில் இபப்பைத்தான் கேட்கிறார்கள். மற்ற வீடுகளில் அது திறக்கப்படாமலே கிடக்கிறது. உங்கள் ஊரில் எப்படி என்பது முதல் இரண்டு இதழ் அனுப்பிய பிறகுதான் தெரியும். ரைட்டரிலிருந்து வந்த இபப்பில் சின்னச் சின்ன ஒழுங்கு செய்ய சிகில் என்ற இலவச மென்பொருள் போதும். கவிதை வரிகள் உடையும் இடங்களை அதில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படங்களைப் பற்றிக் கொஞ்சம். புலனத்தில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். பழைய குடும்பப் படங்களை ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். வருடியில் (ஸ்கேனரில்) எடுத்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் டிஃப் அல்லது பிஎன்ஜி கோப்பாக ஒரு மூலம் வைத்துக்கொள்ளுங்கள். இதழுக்கு அதிலிருந்து நீளப்பக்கம் 1600 பிக்சல் வரும்படி ஒரு ஜேபெக் எடுங்கள். முழு இதழும் 10 எம்பிக்குள் அடங்கினால் நல்லது. முன்கட்டணத் தரவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்கள்தான் உங்கள் வாசகர்கள்.

பக்கம் புரளும் மின்னிதழ்த் தளங்களைப் பற்றிக் கேட்டீர்கள். பார்க்க அழகுதான், நானும் ஒரு காலத்தில் செய்து கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அவை அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் என்ற மென்பொருளில் ஓடின. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி ஃபிளாஷை நிறுத்தியது, அந்த இதழ்கள் எல்லாம் வெற்றுச் சதுரமாகிவிட்டன. இன்றுள்ள தளங்கள் வேறு நுட்பத்தில் ஓடுகின்றன, ஆனால் கோப்பு உங்கள் கையில் இல்லாமல் அடுத்தவர் தளத்தில்தான் இருக்கும். இணையம் தட்டுப்படாத தோட்டத்து வீட்டில் அது திறக்கவும் திறக்காது. அதையும் ஒரு காட்சிக்காகச் செய்யுங்கள், மூலமாக நினைக்காதீர்கள்.

ஒவ்வொரு இதழுக்கும் கணினியில் ஓர் உறை (ஃபோல்டர்): அதில் கட்டுரைகளின் வெறும் எழுத்துக் கோப்புகள் ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில், பக்கம் கட்டிய ஓடிடி, சின்னப் பக்கப் பிடிஎஃப், இபப், மூலப் படங்கள், பயன்படுத்திய எழுத்துரு. அந்த உறையை மடிக்கணினியில் ஒன்று, வெளி வட்டில் ஒன்று, வேறு ஊரில் இருக்கும் ஒருவரிடம் ஒன்று என்று வையுங்கள். ஒரு பிரதியை இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்திலும் ஏற்றலாம். அதற்கு முன் எழுதியவர்களிடமும் படம் கொடுத்தவர்களிடமும் சம்மதம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதழ் நிலைத்து நடக்கும் என்று தெரிந்தபின் தேசிய நூலகத்தில், தொடர் இதழ்களுக்குத் தரும் ஐ.எஸ்.எஸ்.என். அடையாள எண்ணுக்கு விண்ணப்பியுங்கள், முதல் இதழை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம். கைப்பேசியே இல்லாத தாத்தா பாட்டிகளுக்கு அதே எழுத்தை ஏ5-இல் ஓட்டி, பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடும்படி வைத்தால், ஃபோட்டோஸ்டாட் கடையில் ஏ4 தாளை மடித்துச் சின்னப் புத்தகமாக்கிவிடலாம்.

நாற்பது பக்கத்தில் தொடங்காமல், ஒரே ஒரு பெரியவரின் பேச்சை எட்டுப் பக்கத்தில் கட்டி மூன்று வீட்டில் கொடுத்துப் பாருங்கள். அதற்குமுன் அவர் பேசுவதைக் கைப்பேசியில் பதிந்து, அந்த ஒலிக்கோப்பையும் அதே உறையில் போடுங்கள். அந்தப் பாட்டி பேசியபோது எங்களிடம் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி இருந்தது. எழுதி முடித்ததும் அதே நாடாவில் அடுத்தவர் பேச்சைப் பதிந்துவிட்டோம்.